இடது கைக்கு ஒரு பிஸ்டல்

மேசையில் பச்சைத் துணி விரித்து, அதன் மேல் மூன்று ஏர் பிஸ்டல்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார் அங்கிள் வோங். மூன்றின் மூக்கும் சுவர்ப் பக்கம். ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் கிளப்பின் நீளக் கொட்டகை அது. சனிக்கிழமை காலை. காற்றாடிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, ஆனாலும் சட்டை முதுகில் ஒட்டியது.

நான் நேராக நடுவில் இருந்ததை எடுத்தேன். கறுப்பு உடம்பு, சிவப்புக் காற்றுக் குழாய், வழவழவென்று மரக் கைப்பிடி. எங்கள் மாநிலச் சாம்பியன் வைத்திருப்பதும் இதே மாடல்தான். நகைக்கடையில் அட்டிகையைப் பார்த்துவிட்டவளுக்கு மற்றதெல்லாம் கண்ணில் படுமா? இதுதான் எனக்கு, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வோங் கோலாலம்பூரிலிருந்து எப்போதாவது ஒருமுறை பெட்டியோடு வருகிற வியாபாரி. அவர் சிரித்தார். கார் வாங்கப் போனால் ஓட்டிப் பார்க்காமல் வாங்குவாயா என்று மலாயில் கேட்டார். என்னிடமே காரைப் பற்றிக் கேட்கிறார் பாருங்கள்.

இந்தத் தொடரை இன்றுதான் பிடித்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் கமலா. பல வருடமாக ஈப்போவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், மாணவர்களுக்கு நான் 'சிக்கு', மலாயில் டீச்சர். என் குரல் எப்படிப்பட்டது என்று கிளட்சை மிதிக்க மறந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பழைய மாணவி, "சிக்கு, நீங்க ஏசுனதுல பாதிகூட நீங்க எழுதல" என்று செய்தி அனுப்பியிருந்தாள். எழுதினால் பத்திரிகைக்காரர்கள் போடுவார்களா?

காரில் நான் சிக்கு, கொட்டகையில் அவள் கோச்

எனக்கும் பிஸ்டலுக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சம்பந்தம் நூருல்தான்.

நூருல் என்னிடம் கார் பழக வந்த பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். பக்கவாட்டில் பார்க் பண்ணச் சொன்னால் அழுதுவிடுவாள். லைசென்ஸ் எடுப்பதற்குள் என் தொண்டை போய்விட்டது. கடைசி நாளில்தான் சொன்னாள், அவள் துப்பாக்கி சுடும் பயிற்சியாளராம். பத்து மீட்டர் தூரத்தில் தொங்கும் அட்டையின் நடுப்புள்ளியைச் சுடக் கற்றுக்கொடுப்பவளாம். கைப்பிரேக்கைப் பார்த்தாலே நடுங்கும் பெண்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சிக்கு, நீங்க எவ்ளோ கத்துனாலும் உங்க கை ஆடாது. நான் பார்த்திருக்கேன். ஒரு நாள் வாங்க" என்றாள்.

போனேன். முதல் குண்டு அட்டையில் எங்கோ ஒரு மூலையில் பட்டது. இரண்டாவது கொஞ்சம் உள்ளே வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். வீடு, வண்டி, மாணவர்கள், அம்மாவின் பிரஷர் மாத்திரை என்று நாள் முழுக்க மண்டைக்குள் ஓடும் சத்தமெல்லாம் பிஸ்டல் நுனியில் இருக்கும் அந்த முன்குறியைப் பார்க்கும்போது நின்றுவிடும். அப்படி ஒரு அமைதி எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

அதனால் முறையாக ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தேன். நம் ஆட்களுக்குப் புதுக் கார் வந்தால் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் நகராது. பிஸ்டலைக் கோயிலுக்குக் கொண்டுபோக முடியுமா? அது கிளப்பின் பூட்டிய அறையை விட்டு வெளியே வரக்கூடாது. ஆகவே விஜயதசமி வரும்வரை காத்திருந்து, அன்று காலை குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, நல்ல நேரத்தில் வலது கையால் பிஸ்டலை எடுத்தேன். பிள்ளைக்கு அரிசியில் எழுத்து ஆரம்பிப்பதுபோல. எந்தக் கை என்று நூருல் கேட்டபோது, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் அவளைப் பார்த்தது நினைவிருக்கிறது.

நல்ல நாள் பார்த்தேன், நல்ல நேரம் பார்த்தேன், நல்ல கை பார்த்தேன். கண்ணை மட்டும் பார்க்கவில்லை. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

கண்ணை மூடித் திற

மாநிலப் பெண்கள் அணியில் மூன்று பேருக்குத்தான் இடம். சில மாதங்களில் தேர்வு. இரண்டு வருடம் சுட்டும் என் புள்ளிகள் ஒரே இடத்தில் நின்றுவிட்டன, ஆனாலும் எங்கள் கிளப்பில் அந்த இடத்துக்குக் கிட்டத்தில் இருந்தவள் நான்தான். கிளப்பின் பழைய பிஸ்டல் எல்லார் கையிலும் புழங்கி ஆடிப்போனது, கமலாவுக்குப் பொருத்தமாகப் புதிதாக ஒன்று எடுத்துத் தருவோம் என்று கமிட்டி முடிவு செய்தது. நானும் சும்மா இருக்கவில்லை. பேராக் மாநில அணிக்குப் போகப் போகிறேன் என்று எங்கள் புந்தோங் வட்டாரம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன். அது வேறு கழுத்தில் கத்தி.

எனக்கு அந்த அணி வேண்டும். என் வயதுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்களுக்காக அல்ல. எதையும் நான் முழுதாக எனக்காகச் செய்ததில்லை, இதையாவது செய்ய வேண்டும் என்றிருந்தது.

வோங் ஒரு சோதனை சொன்னார். பிஸ்டலைச் சுவரை நோக்கிப் பிடி. கையை இறக்கு. கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் கையைத் தூக்கு. இப்போது கண்ணைத் திற. முன்குறி, கைப்பக்கம் இருக்கும் பின்குறியின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருந்தால் அந்தப் பிஸ்டல் உன் கைக்கு ஏற்றது. இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேறு யாருடையதோ.

கண்ணை மூடினேன், தூக்கினேன், திறந்தேன். முன்குறி பள்ளத்தைவிட்டு ஓரமாக நின்றது. மறுபடியும் செய்தேன். இந்த முறை அந்த ஓரம். கைப்பிடியைக் கொஞ்சம் தேய்த்தால் சரியாகும் என்று வோங் சொல்ல, மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். அவையும் அப்படித்தான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வோங் கொண்டுவந்த சரக்கில்தான் கோளாறு என்று வாய்விட்டே சொன்னேன்.

நூருல் அதுவரை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து எனக்கு எதிரே போய், மறுபடியும் தூக்கச் சொன்னாள். என் முகத்தையே பார்த்தாள். எப்போதும் கழுத்து வலிக்கிறது என்று சொல்வீர்களே, எந்தப் பக்கம் என்று கேட்டாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி, கட்டைவிரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். வலது கண்ணை மூடச் சொன்னாள். கடிகாரம் அங்கேயே இருந்தது. இடது கண்ணை மூடச் சொன்னாள். கடிகாரத்தைக் காணோம்.

"சிக்கு, உங்களுக்குக் கண்ணு இடது. இடது கண்ணால பார்த்து வலது கையால சுடுறீங்க. அதான் கழுத்தைத் திருப்பித் திருப்பி வலி. ரெண்டு வருஷமா எனக்கே தெரியாமப் போச்சு" என்றாள். அவள் குரலில் வெட்கம் இருந்தது.

அப்புறம் கேள்விமேல் கேள்வி. பாட்டில் மூடியை எந்தக் கையால் திறப்பீர்கள்? கொசுவை எந்தக் கையால் அடிப்பீர்கள்? யோசித்து யோசித்துச் சொன்னேன். எல்லாம் இடது. சோறும் எழுத்தும் நெற்றிக்கு இடுவதும் மட்டும்தான் வலது.

அப்படியென்றால் இடது கைப் பிஸ்டல் எடுங்கள் என்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விஜயதசமியில் ஆரம்பித்ததை இடது கைக்கு மாற்றுவதா? இடது கையால் ஒரு தட்டை நீட்டினால் உங்கள் வீட்டில் மட்டும் ஒத்துக்கொள்வார்களா என்று அவளையே கேட்டேன். தன் அம்மாவும் அடிப்பார்தான், ஆனால் அது சாப்பாட்டுக்கு, சுடுவதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றாள். அவள் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. வலது கையிலேயே தொடர்ந்தால் இப்போது இருக்கிற இடத்தில் இருக்கலாம், மற்றவர்கள் சொதப்பினால் மூன்றாவது இடம் கிடைக்கலாம். இடது கைக்கு மாறினால் முதலிலிருந்து ஆரம்பம். இந்த வருடத் தேர்வு கைவிட்டே போகலாம். வோங் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்புகிறார், அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

துணிப்பட்டை

வீட்டுக்கு வந்தால் அம்மா சமையலறை மேசையில் இக்கான் பிலிஸ், அதாவது நெத்திலிக் கருவாட்டுக்கு, தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தேன். எந்தக் கையால் கிள்ளுகிறேன் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். இடது.

எனக்கு ஒரு ஞாபகம் உண்டு. பள்ளிக்கூடம் போவதற்கு முந்தைய வயது. என் இடது கையை அம்மா பழைய புடவைத் துணிப்பட்டையால் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிடுவார். வேலைக்குப் போய்த் திரும்பும்வரை அப்படியே இருக்கும். சாமி குத்தம், பீச்சாங்கை, அதனால்தான் கட்டினார் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாமிக்கு என்னாத்துக்கு? மரத்துக்குத்தான் கட்டுனேன்" என்றார்.

நாங்கள் அப்போது சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா பால் மரம் வெட்டியவர், பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் வேலை. மரத்தில் வெட்டுக்கோடு இடது பக்கம் மேலே ஆரம்பித்து வலது பக்கம் கீழே சரியும். உளியும் அதற்கென்றே செய்தது. இடது கைக்காரர்கள் பிடித்தால் உளி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும். மரத்தில் காயம் விழுந்தால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சும்மா விடமாட்டான். அம்மாவின் நிரைக்குப் பக்கத்து நிரையில் அஞ்சலை என்று ஒரு பெண் இருந்தாராம், இடது கைக்காரர். அவரை வெட்டு வேலையிலிருந்து எடுத்துப் புல் வெட்ட அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் வாளியோடு போக, அவர் மட்டும் அழுதுகொண்டே வேறு பக்கம் போவாராம்.

"நீயும் அப்படி நிக்கக்கூடாதுன்னு நெனச்சேன். பொறந்த பிள்ளைங்க எல்லாம் மரத்துக்குத்தான் போகும்னு இருந்துச்சு. வேற என்ன தெரியும் எங்களுக்கு?"

நான் ஒரு நாளும் மரத்துக்குப் போகவில்லை. நான் வளர்வதற்குள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள், இப்போது அங்கே வரிசை வீடுகள். எங்களுக்குக் கொஞ்சம் சாமான், ஒரு லாரி, ஈப்போ. நான் உளியைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது. தொடாத ஒரு வேலைக்காக என் கையை மாற்றியிருக்கிறார்கள். எனக்கு யார்மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. மண்டோர்மீது கோபம் வந்தது, அந்த மரங்கள்மீதுகூட வந்தது. அம்மாமீது மட்டும் வரவில்லை.

பிஸ்டல் விஷயத்தைச் சொன்னேன். கண், கை, கழுத்து எல்லாம். அம்மா கிள்ளுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப நான்தான் உன் கையைக் கெடுத்துட்டேனா, கமலா?"

இல்லைம்மா என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. மீதி மீனை அப்படியே வைத்துவிட்டு முன்னறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். டிவி போடவில்லை. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

என் வீட்டுக்காரர் செல்வம் நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது. "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று ஆரம்பித்தார். இரண்டு வருட உழைப்பை ஆற்றில் விடுகிறாயா, இருக்கிற கையோடு தேர்வை முடி, அப்புறம் எந்தக் கையை வேண்டுமானாலும் மாற்று என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

சாம்பல் நிறத்தில் ஒன்று

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக்குப் போனேன். வலது கை என்று சொல்லத்தான் போனேன். அதுதான் புத்திசாலித்தனம் என்று வழியெல்லாம் எனக்கே பாடம் நடத்திக்கொண்டு போனேன்.

வோங் பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அவரிடம் இருந்த இடது கைப் பிஸ்டல் அது ஒன்றுதான். ஜொகூரில் யாருக்கோ வரவழைத்து, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சாம்பல் நிறம், பழைய மாடல், சின்னக் கைப்பிடி. பார்க்க ஒன்றும் இல்லை. சும்மா பிடித்துப் பாரேன், காசா பணமா என்றார்.

பிடித்தேன். கைப்பிடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. கட்டைவிரலுக்கு ஒரு இடம், சின்ன விரலுக்கு ஒரு இடம், கைக்குக் கீழே தாங்க ஒரு மரப்பலகை. எதையும் நான் தேட வேண்டியிருக்கவில்லை. கையை இறக்கி, கண்ணை மூடி, தூக்கி, திறந்தேன்.

முன்குறி பள்ளத்துக்குள் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். என் தலை நேராக இருந்தது.

நூருல் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அது அங்கேயே இருந்தது. கை நடுங்கியது உண்மை, அந்தக் கைக்குப் பலம் கிடையாது, கொஞ்ச நேரத்தில் தோள் கடுக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் குறி எங்கேயும் போகவில்லை. நாற்பது வயது தாண்டி, எனக்கென்று ஒரு கை இருக்கிறது என்று ஒரு பிஸ்டல் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தேர்வு போனாலும் பரவாயில்லையா என்று நூருல் மெதுவாகக் கேட்டாள். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகக்கூடாது, ஆனாலும் இதுதான் என்றேன்.

தண்ணீர்ப் பாட்டில்

போலீஸ் அனுமதி வந்து பிஸ்டல் கிளப்பின் அறைக்கு வந்து சேர்வதற்குச் சில வாரங்கள் ஆயின. அதுவரை ஒரு தண்ணீர்ப் பாட்டில்தான் எனக்குப் பிஸ்டல். பிஸ்டலும் ஏறக்குறைய அந்தக் கனம்தான். வீட்டில், கொட்டகையில், வண்டி சிவப்பு விளக்கில் நிற்கும்போதுகூட, இடது கையால் பிடித்து நீட்டியபடி இருப்பேன். பக்கத்தில் ஸ்டியரிங் பிடித்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்துத் திருட்டு முழி முழிப்பார்கள். ரோட்டைப் பாருடா, என்னை ஏன் பார்க்கிறாய் என்று ஏசுவேன். ஒரு பையன் தைரியமாக, "சிக்கு, தாகமா இருந்தா குடிங்க லா" என்றான்.

பிஸ்டல் வந்து சுட்ட முதல் நாள் மானம் போய்விட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களைவிட மோசம். குண்டுகள் அட்டையின் வெள்ளை ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால் கழுத்து வலிக்கவில்லை. இரண்டாம் மாதம் குண்டுகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விழ ஆரம்பித்தன. தவறான இடத்தில்தான், ஆனால் எல்லாம் சேர்ந்து விழுந்தன. அதைப் பார்த்துத்தான் நூருல் கைதட்டினாள். பின்குறியைத் திருகி நகர்த்தினாள், குண்டுக்கூட்டம் அப்படியே நடுவுக்கு வந்தது.

அம்மா இதையெல்லாம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பாட்டிலைத் தூக்கினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

தேர்வு

தேர்வு நாளில் என் பக்கத்துத் தடத்தில் நின்றது கல்லூரிப் பெண் ஒருத்தி. எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. இடது கையால் சுடும் நான் மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நிற்பதால் இருவரும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு முன்குறியைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

ஆரம்பம் நன்றாக இல்லை. நடுவில் நன்றாகப் போனது. கடைசியில் கை சோர்ந்து, ஒரு குண்டுக்குப் பிஸ்டலைத் தூக்கிவிட்டுச் சுடாமல் இறக்கினேன், மறுபடியும் தூக்கினேன், மறுபடியும் இறக்கினேன். முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் பொறுமையில்லாமல் விசையை இழுத்து எல்லாவற்றையும் கெடுப்பேன். அன்று காத்திருந்தேன். மூன்றாம் முறை தூக்கியபோது குறி நின்றது, அழுத்தினேன், பத்து.

முடிவைச் சுவரில் ஒட்டினார்கள். மூன்றாவது இடத்தில் அந்தக் கல்லூரிப் பெண். நான்காவது நான். இருவருக்கும் ஒரே புள்ளி. சமமாக வந்தால் உள்வட்டப் பத்து, அதாவது நட்டநடுச் சின்ன வட்டத்தில் பட்ட குண்டு, யாருக்கு அதிகமோ அவர்களுக்குத்தான் இடம், அது அவளுக்கு அதிகம். நான் ரிசர்வ். அணியோடு பயிற்சிக்குப் போகலாம், யாருக்காவது முடியாமல் போனால்தான் களத்தில் இறங்கலாம்.

அழுகை வந்ததா என்றால் வந்தது. நூருல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புள்ளியைக் காட்டி, இரண்டு வருடம் வலது கையால் ஒரு நாளாவது இதைத் தொட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். தொட்டதில்லை. ஒரு நாளும் தொட்டதில்லை. அப்புறம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வாசலிலேயே செல்வம், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று உச்சுக்கொட்டினார். நான் நாற்காலியில் விழுந்தேன். தோளிலிருந்து விரல்வரை கடுத்தது.

அம்மா உள்ளேயிருந்து தைலக் குப்பியோடு வந்தார். என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஜெயித்தாயா தோற்றாயா என்று கேட்கவில்லை. என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். நல்ல அழுத்தமான கை அவருக்கு, இந்த வயதிலும்.

"இந்தக் கையாலதான் சுட்டியா?"

"ஆமாம்மா."

"நல்லா சுட்டுச்சா?"

"நல்லா சுட்டுச்சும்மா."

அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். கண் நிறைந்து தண்ணீர். துடைக்கவும் இல்லை, கையில் தைலம்.

"நாளைக்கும் சுடு" என்றார்.